சர்க்கரையும் ஐந்து தட்டும்

பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். ட்ரம்பெட்டுகள் முழங்கும். அந்த நேரம் பார்த்துக் கியூபப் பாடகி செலியா குரூஸ் ஒரே ஒரு சொல்லைக் கூவுவார்: "அஸூக்கார்!" அரங்கம் அதிரும். ஸ்பானிய மொழியில் அதற்குச் சர்க்கரை என்று பொருள்.

பொருள் மட்டுமல்ல, வேரும் ஒன்றுதான். சமஸ்கிருதத்தின் 'சர்க்கரா' தெற்கே வந்து நம் வாயில் சர்க்கரை ஆனது. மேற்கே போனபோது பாரசீகத்தில் ஷக்கர் என்றும் அரபியில் சுக்கர் என்றும் உருமாறியது. அரபியர் கரும்போடு சொல்லையும் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய 'அஸ்-சுக்கர்' அங்கே அஸூக்கார் ஆயிற்று. கொலம்பஸ் 1493-இல் தம் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரீபியன் தீவுகளுக்கு எடுத்துச் சென்றார். கரும்பும் சொல்லும் அப்படித்தான் கியூபா வந்து சேர்ந்தன.

அந்தக் கூவல் பிறந்த கதையைச் செலியாவே மேடைகளில் சொல்வார். மயாமியில் ஓர் உணவகம். காபி கொண்டுவந்த பணியாளர், சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்டார். பணியாளரும் கியூபாக்காரர். கியூபக் காபி சின்னக் கோப்பையில், திக்காக, கசப்பாக வரும். சர்க்கரை இல்லாமல் அதைக் குடிக்க எந்தக் கியூபாக்காரருக்கும் மனம் வராது. "கியூபாவில் பிறந்துவிட்டு இதைப் போய்க் கேட்கிறாயே, சர்க்கரையோடுதான்!" என்ற தொனியில் செலியா பதில் சொன்னார். மேடையில் இந்தக் கதைக்குச் சிரிப்பு எழுந்தது. நாளடைவில் கதை உதிர்ந்து, கடைசிச் சொல் மட்டும் தங்கிவிட்டது.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்காக ஏறக்குறைய 8 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அடிமை முறை அங்கே ஒழிந்தது 1886-இல்தான். செலியா பிறந்தது 1925-இல். இடையே 39 ஆண்டுகள். அவர் சிறுமியாக இருந்தபோது, அடிமையாகப் பிறந்த முதியவர்கள் ஹவானாவில் உயிரோடு இருந்திருப்பார்கள். அந்த மக்கள் கையில் ஒன்றுமில்லாமல்தான் கப்பலேறினார்கள். காதுக்குள் இருந்ததை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை. அங்கே இருந்தது தாளம்.

அந்தத் தாளத்தின் மையத்தில் இருப்பது இரண்டு மரக்கட்டைகள். பெயர் கிளாவே. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'சூத்திரம்', 'மறைகுறி' என்றெல்லாம் பொருள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன். ஒன்றை இடது கையில் ஏந்திக்கொண்டு மற்றதால் தட்ட வேண்டும். ஏந்தும் கட்டையைப் பெண் என்றும் தட்டும் கட்டையை ஆண் என்றும் கியூபாவில் சொல்வார்கள்.

வாசிப்பது சுலபம் என்று தோன்றும். ஏந்தும் கட்டையை இறுக்கிப் பிடித்துத் தட்டினால் 'டொக்' என்று செத்த ஒலிதான் வரும். ஏனென்றால் தட்டப்பட்ட கட்டை வில்லைப்போல் வளைந்து வளைந்து அதிர்கிறது. அப்படி அதிரும்போது இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். கட்டையின் நீளத்தை நூறாகப் பிரித்தால் இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ 22-ஆவது பங்கில் அவை இருக்கும். இயற்பியலில் இவற்றைக் கணு என்பார்கள். கணுக்களை ஒட்டி, விரல் நகங்களின்மேல் லேசாகக் கிடத்தினால் கட்டை முழு மூச்சோடு பாடும். உள்ளங்கையைக் குழித்து வைத்தால் அந்தக் குழியில் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். பானையின் வயிறு கடத்துக்குச் செய்யும் வேலையை உள்ளங்கை இங்கே செய்கிறது.

எழும் ஒலி விநாடிக்குச் சுமார் 2,500 அதிர்வுகள் கொண்டது. நம் காதுத் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். அது 2,000 முதல் 5,000 அதிர்வுகள் வரையிலான ஒலிகளைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். கிளாவேயின் ஒலி சரியாக அந்த வாசலில் வந்து நிற்கிறது. ட்ரம்பெட், பியானோ, கொங்கா முரசுகள் எல்லாம் ஒன்றாக ஒலித்தாலும் இரண்டு குச்சிகளின் 'கிண்' தனியே கேட்பது இதனால்தான். யாரும் அளந்து செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காதுகள் தேர்ந்தெடுத்தது.

இனி, கிளாவே கட்டைகள் எழுப்பும் அந்த ஐந்து தட்டு. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க ஸ்பானியக் குறியீடு எதுவும் தேவையில்லை, நம் சொற்கட்டே போதும். ஒரே சீராக, அவசரமில்லாமல் சொல்லுங்கள்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் 'த'வில் மட்டும் மேசையைத் தட்டுங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. மொத்தம் 16 துடிப்பு, ஐந்து தட்டு. இரண்டு மூன்று முறை சுற்றி வந்ததும் உங்கள் தோள் தானாக அசையத் தொடங்கும். அவ்வளவுதான், கியூபாவின் 'சோன்' இசையை ஆளும் கிளாவே இப்போது உங்கள் கையில். கட்டைகளின் பெயரேதான் தாளத்துக்கும்.

இதில் என்ன அதிசயம்? 16 இடங்களில் ஐந்து தட்டுகளை வைக்க 4,368 வழிகள் உண்டு. அவற்றில் இந்த ஒன்றுதான் உலகத்தையே ஆடவைத்தது. கனடாவில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்த காட்ஃப்ரீட் தூசாங் இந்தக் கேள்விக்காகவே பல ஆண்டுகள் செலவிட்டு, 2013-இல் தாளத்தின் வடிவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். தாளத்தை அவர் கடிகார முகம்போல் வட்டமாக வரைந்தார். 12 எண்களுக்குப் பதில் 16 புள்ளிகள். தட்டு விழும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஓர் ஐங்கோணம் வரும். கிளாவேயின் ஐங்கோணம் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும், முழுக்கச் சமமாக இருக்காது. முழுச் சமம் என்றால் அது கடிகாரத்தின் டிக்டிக், சலித்துவிடும். ஒரேயடியாகக் கோணல் என்றால் காது பிடி கிடைக்காமல் தடுமாறும். கிளாவே இந்த இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஆராய்ச்சியில் என்னை அதிகம் அசத்தியது வேறொன்று. 13ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த சஃபியுத்தீன் அல்-உர்மவி என்ற இசை அறிஞரின் நூலில் இதே 3-3-4-2-4 அடைவு வட்டமாக வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. கானாவின் மணித்தாளத்திலும் இதே அடைவு ஒலிக்கிறது. சர்க்கரை என்ற சொல்லைப் போலவே இதுவும் கண்டங்கள் தாண்டி நடந்திருக்கிறது.

தட்டிப் பார்க்கையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முதல் பாதியில் மூன்று தட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு. முதல் பாதி நிலைகொள்ளாமல் தள்ளாடும். இரண்டாம் பாதி வந்து நிமிர்த்தும். கேள்வியும் பதிலும்போல. நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் சற்றே தள்ளி விழும் தட்டை 'விலகு தட்டு' என்று சொல்லலாம். மூளை அடுத்த தட்டு எங்கே விழும் என்று ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. விலகு தட்டு கணிப்பைப் பொய்யாக்குகிறது. உடம்பு அசைந்து, விட்டுப்போன இடத்தைத் தானே நிரப்பப் பார்க்கிறது. மரியா விட்டெக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முரசுத் தாளங்களை வைத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது: விலகல் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் ஆடத் தோன்றுவதில்லை, நடுத்தர அளவில் இருக்கும்போதுதான் உடம்பு எழுகிறது.

கிளாவே என்ற இந்தச் சட்டத்தின்மேல்தான் கியூப இசைக்குழுவின் ஒவ்வொரு கருவியும் மாட்டப்பட்டிருக்கிறது. பேஸ் வாசிப்பவரைக் கவனியுங்கள். எட்டெட்டுத் துடிப்பாக எண்ணினால் அவர் நான்காவதிலும் ஏழாவதிலும் மீட்டுகிறார். முதல் துடிப்பை, எல்லோரும் காலூன்றி நிற்கும் அந்த இடத்தை, வெறுமையாக விட்டுவிடுகிறார். கிளாவேயின் இரண்டாம் மூன்றாம் தட்டுகள் விழுவதும் அதே நான்காவது, ஏழாவது துடிப்புகளில்தான். ஏழாவது துடிப்பில் அவர் மீட்டும் சுரம் அடுத்த எட்டுக்கு உரியது. விருந்தாளி வருமுன்பே இலை போட்டுவைப்பதைப்போல முன்கூட்டியே வந்துவிடுகிறது. இந்த நடைக்குத் 'தும்பாவோ' என்று பெயர். ஒயிலாக நடக்கும் பெண்ணின் நடைக்கும் கியூபாவில் அதே சொல்தான்.

யாராவது ஒருவர் சுற்றின் முதல் பாதியை இரண்டாம் பாதி என்று நினைத்து வாசித்துவிட்டால் போச்சு. சுரம் சரியாக இருக்கும், வேகம் சரியாக இருக்கும், ஆனாலும் கூட்டுக்குள் கல் விழுந்தாற்போல் இருக்கும். 'குறுக்கே போய்விட்டது' என்பார்கள் கலைஞர்கள். கிளாவே கட்டைகளை யாரும் வாசிக்காத பாட்டுகளும் ஏராளம். அப்போதும் கிளாவே இருக்கிறது. எல்லோருடைய தலைக்குள்ளும் ஓசையில்லாமல் ஓடுகிறது.

செலியாவின் தலைக்குள் அது ஓடத் தொடங்கியது ஹவானாவின் சாந்தோஸ் சுவாரெஸ் பகுதியில். அப்பா சீமோன் ரயில் எஞ்சினில் கரி தள்ளும் தொழிலாளி. வீடு நிறையக் குழந்தைகள். சின்னவர்களைத் தூங்கவைக்கும் பொறுப்பு செலியாவுடையது; தாலாட்டுப் பாடுவார். பிள்ளைகள் தூங்கமாட்டார்கள், அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிடுவார்கள். வானொலிப் போட்டி ஒன்றில் பாடி முதல் பரிசாக ஒரு கேக் வென்றார். மகள் ஆசிரியை ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் சேர்ந்தார். அங்கே ஓர் ஆசிரியை அவரிடம், நான் ஒரு மாதத்தில் சம்பாதிப்பதை நீ ஒரே நாளில் பாடிச் சம்பாதித்துவிடுவாய் என்ற பொருளில் சொன்னாராம். அந்த வார்த்தை வேலை செய்தது.

1950-இல் திருப்பம். 'சோனோரா மத்தான்செரா' அப்போது கியூபாவின் புகழ்பெற்ற நடன இசைக்குழு; 1924 முதல் வாசித்துவந்தது. அதன் பாடகி மிர்த்தா சில்வா சொந்த நாடான போர்ட்டோ ரிக்கோவுக்குத் திரும்ப, அந்த இடத்துக்குச் செலியா வந்தார். நேயர்களுக்குப் பிடிக்கவில்லை. வானொலி நிலையத்துக்குக் கண்டனக் கடிதங்கள் வந்தன. இசைத்தட்டு நிறுவனத்தாருக்கும் தயக்கம். பெண் பாடும் ரும்பா விற்காது என்பது அன்றைய வியாபாரக் கணக்கு. குழுத் தலைவர் ரொகேலியோ மார்த்தினெஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியிலேயே முதல் இசைத்தட்டு பதிவானது. விற்றது. அதன்பிறகு 15 ஆண்டுகள் அந்தக் குழுவின் குரல் அவர்தான்.

அன்றைய ஒலிப்பதிவு முறையை நினைத்தால் அவருடைய திறமையின் அளவு புரியும். இன்று ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிந்து பின்னால் சேர்க்கிறார்கள். அன்று எல்லோரும் ஒரே அறையில், ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். கடைசி விநாடியில் ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேகமான பாட்டில் கிளாவேயின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை விநாடி. மூன்று நிமிடப் பாட்டு என்றால் 72 சுற்று, 360 தட்டு. ஒரு துடிப்பின் நீளம் விநாடியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரம். இந்த அளவில்தான் செலியா ஒவ்வொரு அசையையும் வைத்தார்.

குரலோ அபூர்வம். பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வகையான கான்ட்ரால்டோ, அதாவது தடித்த கீழ்ஸ்தாயிக் குரல், அவருடையது. விரல் நகத்தின் நீளமே உள்ள இரண்டு குரல்நாண்கள் அந்தக் கீழ்ச்சுரங்களில் விநாடிக்கு 175 முறை மோதிப் பிரியும். ஈயின் சிறகடிப்புக்கு நெருங்கிய வேகம். சோன் பாடும் ஆண்கள் மூக்கொலியோடு உச்சத்தில் பாடுவது அன்றைய வழக்கம். இவர் கீழே நின்று, நெஞ்சிலிருந்து, உலோகத்தைப்போல் கணீரென்று பாடினார். ஆண்கள் மேலே, பெண் கீழே. உலக வழக்கம் தலைகீழாயிற்று. இரண்டு ட்ரம்பெட்டுகளுக்கு முன்னால் நின்று பாடியும் அவருடைய ஒரு மெய்யெழுத்துகூட மறையவில்லை.

வானமும் உதவியது. பகலில், 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு நடுத்தர அலை வானொலியை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் கண்ணாடிபோல் அலையைத் திருப்பி அனுப்பும். ஹவானாவில் இரவில் பாடியது கரீபியக் கடலின் மறுகரைகளிலும் கேட்டது. பாடகி போகாத ஊர்களுக்குக் குரல் முதலில் போய்ச் சேர்ந்தது.

அவருடைய கலையின் இன்னொரு ரகசியம் எழுத்துகளில் இருக்கிறது. அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்றின் பெயர் 'கிம்பரா'. அதற்குப் பொருள் தேடக்கூடாது. ஓசைக்காகவே கட்டிய சொல். இப்படிப் பொருளை விட்டு ஓசையைப் பிடித்துக்கொள்ளும் சொற்களுக்கு மெக்சிக்க அறிஞர் அல்ஃபோன்சோ ரேயெஸ் 'ஹிதான்ஹஃபோரா' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரையே ஒரு கியூபக் கவிஞரின் வரியிலிருந்துதான் எடுத்தார். நாம் 'ஓசைச்சொல்' என்று வைத்துக்கொள்வோம். நம் மிருதங்கச் சொற்கட்டு முழுக்க இதுதானே!

'கிம்பரா'வை 'பம்பரம்' என்று சொல்லும் அதே வாய்வாகில் சொல்லிப் பாருங்கள். 'க' சொல்லும்போது நாவின் அடிப்பகுதி அண்ணத்தை முழுக்க அடைத்துவிட்டுத் திறக்கிறது. 'ம்ப' என்கையில் உதடுகள் மூடித் திறக்கின்றன. மூச்சு தடைபட்டு வெடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு முரசடி. தொல்காப்பியர் வல்லினம் என்று தனியே வகுத்த ஒலிகளின் வேலை இது. செலியா வல்லினங்களைத் துடிப்பின்மேல் சரியாக இறக்கினார். உயிரெழுத்துகளை அடுத்த துடிப்புவரை நீட்டினார். கொங்கா முரசும் அவர் வாயும் ஒரே கருவியின் இரு தோல்களைப்போல் பேசிக்கொண்டன.

பாட்டின் பின்பாதியில்தான் உண்மையான சோதனை. 'மொந்துனோ' என்ற அந்தப் பகுதியில் கூட்டுக்குரல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் முதன்மைப் பாடகர் புதிதாக ஒரு வரி கட்டிப் பாட வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் இரண்டு சுற்று, அதாவது ஐந்து விநாடி. அதற்குள் பொருள் வேண்டும், எதுகை வேண்டும், கிளாவே பிசகக்கூடாது, கூட்டுக்குரல் வந்து மோதுமுன் முடித்துவிட வேண்டும். எதிர்ப்பாட்டுக் கட்டும் நம் கிராமத்துப் பாடகர்கள் இந்தத் தவிப்பை அறிவார்கள். செலியா இதில் அவையில் இருப்பவர்களையும் ஊரின் பெயரையும் உள்ளே இழுத்து, இருபது முப்பது வரி விடாமல் கட்டுவார். கிளாவே எங்கே இருக்கிறது என்று ஒருபோதும் சந்தேகம் இல்லாதவருக்கே இந்தச் சுதந்திரம் வாய்க்கும்.

1960 ஜூலை 15. சோனோரா மத்தான்செரா நிகழ்ச்சிக்காக மெக்சிகோவுக்கு விமானம் ஏறியது. கியூபப் புரட்சி முடிந்து ஒன்றரை ஆண்டு. குழுவினர் திரும்பவில்லை. புதிய அரசு செலியாவுக்குக் கதவைச் சாத்திவிட்டது. 1962 ஏப்ரலில் அம்மா கத்தலீனா ஹவானாவில் இறந்தார். கடைசியாக முகம் பார்க்கவும் மகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஆண்டே குழுவின் ட்ரம்பெட் கலைஞர் பெத்ரோ நைட்டை மணந்தார். முன்நரைத்த கணவரைப் 'பஞ்சுத் தலை' என்று செல்லமாக அழைப்பார். சில ஆண்டுகளில் பெத்ரோ ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் நிகழ்ச்சிகளை நிர்வகிப்பதையே வேலையாக ஆக்கிக்கொண்டார்.

செலியா கியூபாவின் மண்ணை அதன்பின் ஒரே ஒருமுறை மிதித்தார், 1990-இல். அமெரிக்கக் கடற்படை குத்தகைக்கு வைத்திருக்கும் குவாந்தானாமோ தளத்தில் பாட அழைத்திருந்தார்கள். ஹவானாவில் கால்வைக்க வழியில்லை. ஆனாலும் காலடியில் இருப்பது கியூபா. ஒரு கைப்பிடி மண் அள்ளிவந்தார். சொந்த ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் செல்வார்களே, அந்த மனசுதான்.

நியூயார்க்கில் அவருக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. இசைக்குழுத் தலைவர் டீட்டோ புவெந்தேயோடு சேர்ந்து பாடினார். 1960களின் இளைஞர்கள் ராக் இசை பக்கம் போய்விட்டதால் அந்த இசைத்தட்டுகள் பெரிதாக ஓடவில்லை. அடுத்த தலைமுறை லத்தீன் இளைஞர்கள் தங்கள் பெற்றோரின் இசையைத் தூசிதட்டி, ட்ராம்போன்களைச் சேர்த்து, நகரத்தின் சூட்டில் வேகவைத்தபோது அதற்குச் 'சல்சா' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பொருள், குழம்பு. அந்தக் கூட்டத்தில் முக்கியமானவரான ஜானி பச்சேக்கோ டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். சிறுவயதில் வானொலியில் கேட்ட சோனோரா மத்தான்செராவின் ஒலியை மீட்க வேண்டும் என்பது அவருடைய கனவு. 1974-இல் 'செலியாவும் ஜானியும்' என்று பொருள்படும் தொகுப்பு வெளிவந்தது; 'கிம்பரா'வோடு தொடங்கும் தொகுப்பு அது. அப்போது செலியாவுக்கு 48 வயது. பெரும்பாலான பாடகர்களுக்கு ஓய்வு தெரியும் வயதில் அவர் இருபது வயதினரின் அரசியானார்.

அதே ஆண்டு செப்டம்பரில் காங்கோவின் கின்ஷாசாவில் மூன்று நாள் இசைவிழா. முகமது அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மனுக்கும் நடக்கவிருந்த குத்துச்சண்டையையொட்டி ஏற்பாடான விழா. விளையாட்டரங்கு நிறைந்த கூட்டத்தின்முன் செலியா பாடினார். அந்த மக்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கியூப இசைத்தட்டுகள் 1930களிலிருந்தே காங்கோவில் விற்பனையாகி, அங்கத்திய கலைஞர்கள் அவற்றிலிருந்தே 'காங்கோ ரும்பா' என்ற தங்கள் இசையை வளர்த்திருந்தார்கள். காங்கோ நதிக்கரையிலிருந்து அடிமைக் கப்பலில் போன தாளம், இசைத்தட்டில் ஏறி ஒருமுறை திரும்பி வந்திருந்தது. இப்போது ஆளாகவே வந்து நின்றது. அந்த நிகழ்ச்சியின் படச்சுருளைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து தாளம் பற்றிய மிகச்சிறந்த பாடம் அதுதான்.

அவருடைய காலணிகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மெக்சிகோவைச் சேர்ந்த காலணிக் கலைஞர் ஒருவர் செய்துகொடுத்தவை. குதிகாலுக்கு அடியில் கம்பு இல்லாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரியும். வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்திருக்க, மறுமுனை காற்றில் நிற்கிறது. பாரத்தை அடியில் நின்று தாங்க எதுவும் இல்லை. பதிந்த முனையின் உறுதி தாங்குகிறது. செலியாவின் காலணியிலும் அதே பொறியியல்: முன்பாதத்தின் அடியில் இருக்கும் தடித்த தளத்திலிருந்து மேற்பலகை வளைந்து பின்னால் நீள்கிறது. அதை அணிந்துகொண்டு எழுபது வயதுக்குமேல் மேடையில் ஆடினார். அவற்றுள் சில இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனச் சேகரிப்பில் இருக்கின்றன.

1998-இல், 73-ஆம் வயதில், வாழ்க்கையைத் திருவிழாவாகப் பாடும் பாட்டு வெளிவந்து லத்தீன் உலகத்தின் கல்யாண வீடுகளிலெல்லாம் ஒலித்தது. 2001-இல் ராப் கலந்த ஒரு பாட்டில், தும்பாவோ நடைபோடும் கறுப்புப் பெண்ணைக் கொண்டாடினார். கறுப்பு நிறத்தையும் தடித்த குரலையும் சாக்காக வைத்துத் தொடக்கத்தில் அவரை ஒதுக்கியவர்கள் உண்டு. ஐம்பது ஆண்டு கழித்து அதே நிறமும் குரலுமே ஒரு கண்டத்தின் பெருமை ஆயின. மேடைக்குப் பின்னால் அவர் நடத்திய வாழ்க்கையும் அதே சீர்மைதான். 41 ஆண்டுகள் ஒரே துணை.

2003 ஜூலை 16-இல், மூளைப் புற்றுநோயால், நியூ ஜெர்சியில் அவர் காலமானார். உடல் முதலில் மயாமிக்குப் போனது. கியூபாவிலிருந்து தப்பிவந்தவர்கள் ஒரு காலத்தில் பதிவுசெய்துகொண்ட 'சுதந்திர கோபுரம்' என்ற கட்டடத்தில் கிடத்தினார்கள். கொளுத்தும் வெயிலில் லட்சம் பேருக்குமேல் வரிசையில் நின்றார்கள். பிறகு நியூயார்க்கில் இறுதி ஊர்வலம். பிராங்ஸ் பகுதியின் உட்லான் கல்லறையில் அடக்கம். குவாந்தானாமோவில் அள்ளிய பிடிமண்ணும் அவருடன் சேர்ந்தது.

2024-இல் அமெரிக்க அரசு ஒரு கால் டாலர் நாணயம் வெளியிட்டது. ஒரு பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன். மறுபக்கம் ரும்பா உடையின் அடுக்குகள் விரிய, வாய்நிறையச் சிரிக்கும் செலியா குரூஸ். பக்கத்தில் அவருடைய அந்த ஒற்றைச் சொல், வியப்புக் குறியோடு. நாணயத்தின் எடை 5.67 கிராம். அமெரிக்காவில் மளிகைக்கடைச் சில்லறையில் அது உங்கள் கைக்கு வந்தால் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்: சர்க்கரை என்று எழுதியிருக்கும்.